நீலகண்ட பிரம்மச்சாரியும் கைத்துப்பாக்கியும்

சீர்காழி என்றவுடன் தமிழர் உள்ளத்தில் முதலில் தோன்றுவது தோணியப்பரைச் சுட்டிக் காட்டி நின்ற ஞானக் குழந்தையின் திருவுருவம். சங்கீத அபிமானிகளாயின் அடுத்தபடியாக முத்துத் தாண்டவரையும் அருணாசலக் கவிராயரையும் சொல்வார்கள். ஞானமும் கானமும் விளைந்த அந்த நெல் வயற் சீமையிலே, ஊருக்கு வடக்கே கொள்ளிடத்தை நோக்கிப் போகும் பாதையில் எருக்கூர் என்றொரு கிராமம் இருக்கிறது. இந்நாளில் அப்பெயரைக் கேட்போருக்கு அங்குள்ள நவீன அரிசி ஆலைதான் நினைவுக்கு வரும். 1911-ம் வருஷத்திலோ அக்கிராமத்துப் பிள்ளை ஒருவரின் பெயர், சென்னை ஹைகோர்ட்டில் மூன்று நீதிபதிகளின் முன்னிலையில், முதல் எதிரியின் பெயராக வாசிக்கப்பட்டது. அவரே நீலகண்ட பிரம்மச்சாரி.

அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆஷ் கொலை வழக்கின் முதல் எதிரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். மணியாச்சியில் வெடித்த கைத்துப்பாக்கியை வாஞ்சியின் கையில் கொடுத்துக் குறி பார்க்கக் கற்பித்தவரே இவர்தான் என்று எண்ணுவோரும் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. குறி பார்க்கப் பழகுவது என்பது என்ன, அப்பழக்கம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைச் சிறிது அறிந்தாலன்றி, இவர் செய்தது எது, செய்யாதது எது என்பது விளங்காது. ஆகையால் ஒரு தேசபக்தரின் சரித்திரத்தின் நடுவே மணல் மூட்டையைப் பற்றியும் துப்பாக்கி விசையைப் பற்றியும் நாம் பேச நேர்ந்தால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

1889-ம் வருஷம் டிசம்பர் மாதம் 4-ந் தேதி நீலகண்டர் பிறந்தார். அப்பொழுது சீர்காழி தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. செல்வம் மிகுந்த குடும்பம் அல்ல. இளமையிலேயே பிழைப்பை நாடிச் சென்னைக்குப் போன எத்தனையோ தஞ்சை ஜில்லா வாலிபர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவர் போன காலம் சாதாரணக் காலம் அன்று. 1905-ல் வங்காளத்தைப் பிளந்த நெருப்பு தெற்கே பரவிக் கொண்டிருந்தது. 1907 மே மாதத்தில் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் நிகழ்த்திய பிரசங்கங்கள் வாலிபர்களின் உறக்கத்தைக் கெடுத்தன. அடுத்த வருஷம் மார்ச்சில் ஸ்ரீ சிதம்பரம் பிள்ளை கைதானார். திருநெல்வேலியில் கலகம் மூண்டது. ஜூலையில் அவருக்கு ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. கப்பல் ஓட்டிய குற்றத்திற்குக் கொடுத்த விலை அது. அப்பொழுது தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்து சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு விரோதமாக நின்றவர்தாம் ஆஷ் துரை. சிதம்பரம் பிள்ளை சிறை சென்ற சமயம் நீலகண்டருக்கு வயது பதினெட்டு. விவாகம் வேண்டாம், உத்தியோகம் வேண்டாம், தேசமே போதும் என்று விரதம் பூண்டு, பிரம்மச்சாரி என்ற பட்டத்தையே பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

தஞ்சை ஜில்லாவின் கடற்கரையைப் படத்தில் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். சீர்காழிக்கு வடக்கே புதுச்சேரி, தெற்கே காரைக்கால். இரண்டும் அந்நாளில் பிரெஞ்சுக்காரர் கொடியின் கீழ் இருந்தன. ஆங்கிலேயருடைய அச்சுச் சட்டமும் ஆயுதச் சட்டமும் அவ்வெல்லைகளைத் தாண்டிச் செல்லா. பாரதியார் 1908-லேயே புதுவை சேர்ந்துவிட்டார். நீலகண்டரும் அங்கே சென்று 'சூரியோதயம்' என்ற பத்திரிகைக்கு ஆசிரியராக அமர்ந்தார். அது ஆங்கில இந்தியாவுக்குள் வரலாகாது என்று சர்க்கார் தடுத்துவிட்டது. பத்திரிகையின் வாயை அடைத்தால் ஆசிரியர் கால்நடையாகவே புறப்படுவார் என்பது சர்க்காருக்குத் தெரியாமற் போயிற்று.

அவ்விதமே ஆயிற்று. 1910-ல் நீலகண்டர் தென்பாண்டிச் சீமையில் ஊர் ஊராகச் சுற்றினார். அவரோடு சேர்ந்து உழைத்தவர் சங்கரகிருஷ்ண ஐயர். இவருடைய மைத்துனர்தாம் செங்கோட்டை வாஞ்சி ஐயர். தென்காசியிலும் தூத்துக்குடியிலும் பாரதமாதா சங்கம் என்ற இரகசியச் சங்கம் கூடிற்று. காளியின் படத்தை முன்னே வைத்து, குங்குமம் கரைத்த நீரை வெள்ளையர் இரத்தம் என்று பாவித்துப் பருகி, கட்டை விரலைக் கீறிக் கையொப்பம் இட்டனர் என்று பின்னாளில் அப்ரூவர்களாக மாறிய சோமசுந்தரம் பிள்ளையும் ஆறுமுகம் பிள்ளையும் கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். இந்தப் பிரமாணத்தைப் பற்றி நாம் பெருமைப்படவும் இல்லை. பரிகாசம் செய்யவும் இல்லை. சேர்ந்தவர்களோ வக்கீல் வீட்டுப் பிள்ளைகளும் கடைக்காரர்களும் பள்ளிக்கூட உபாத்தியாயர்களும் சிறு உத்தியோகஸ்தர்களும். இவர்களுக்குள் ஒருவராவது துப்பாக்கி பிடித்திருப்பாரா என்று கேட்டால், அதற்கு விடை 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் இருக்கிறது. லிட்டன் பிரபு காலத்தில் பிறந்த அச்சட்டத்தின்படி லைசென்ஸ் இல்லாத இந்தியன் வெடியாயுதம் வைத்திருப்பது குற்றம். ஐரோப்பியருக்கோ விலக்கு உண்டு. ஒரு தலைமுறைக் காலம் அச்சட்டம் நடந்த பின்னர், பிரமாணம் எடுக்க ஆள் கிடைத்தது. ஆயுதம் பிடிக்கத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை.

அக்குறையைத் தீர்க்கக் கூடியவர் 1910-ன் இறுதியில் புதுவை வந்து சேர்ந்தார். திருச்சிராப்பள்ளி வரகனேரியைச் சேர்ந்த வ. வே. சுப்பிரமணிய ஐயரைப் பற்றித் தமிழர்களுக்கு நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போனவர். இந்தியா ஹவுஸில் ஸாவர்க்கரின் உற்ற துணைவராக இருந்தவர். அவ்வீட்டு வாலிபர்கள் லண்டனில் கைத்துப்பாக்கி பழகியது பகிரங்கமாகவே நடந்த காரியம். டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, 92-ம் எண் உள்ள கட்டிடத்தில் ஒரு சுடுகூடம் இருந்தது. காசு கொடுத்தால் யாரும் சுட்டுப் பழகலாம். 1909 ஜூலை 1-ந் தேதி கர்ஸான் வைலியைச் சுட்ட மதன்லால் திங்கரா அங்கேதான் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பழகி வந்தார். சம்பவ தினத்தன்று மாலையிலும் அங்கே சென்று, 18 அடி தூரத்தில் வைத்த இலக்கின்மேல் 12 தோட்டாக்கள் சுட்டு, 11-ஐப் பதியவைத்தார் என்று அக்கூடத்தின் சொந்தக்காரர் விசாரணையில் சாட்சியம் கொடுத்தார். வாக்குரிமைக்காகக் கிளர்ச்சி செய்துவந்த ஆங்கில ஸ்திரீகள் இருவரும் அதே வருஷம் அதே கூடத்தில் பழகுவதாகப் போலீசார் கவலைப்பட்டார்கள் என்பது பிற்காலத்தில் வெளியான குறிப்புகளால் தெரிகிறது. தம் தலைநகரில் ஓர் அணாக் காசுக்கு விற்ற வித்தையைத் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் மகா பாதகமாக வைத்திருந்தது ஆங்கில அரசாங்கம்.

இனி அந்த வித்தையைப் பற்றிச் சிறிது.

கைத்துப்பாக்கி பார்வைக்குச் சிறியது. ஆளுவதற்கு மகா கடினமானது. நீண்ட துப்பாக்கிக்குத் தோள் ஒரு தாங்கல், இடக்கை ஒரு தாங்கல், கன்னம் ஒரு தாங்கல். கைத்துப்பாக்கிக்கோ நீட்டிய கை ஒன்றுதான். அந்நாளைய வழக்கப்படி ஒற்றைக் கையை நீட்டிச் சுட வேண்டும். மூச்சு வாங்கினால் கை ஆடும். நாடி துடித்தால் கை ஆடும். அந்த ஆட்டத்தின் பலன் என்ன என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். குழலின் முன்னேயும் பின்னேயும் உள்ள குறிகளுக்கு இடையே ஐந்து அங்குலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன் குறி ஓர் அங்குலத்தில் 20-ல் ஒரு பங்கு, அதாவது ஒரு நெல்லின் கனத்துக்கும் குறைவாக, நகர்ந்தால் போதும். 25 கெஜ தூரத்தில் குண்டு 9 அங்குலம் விலகிப் போகும். குறிகளுக்கு இடையே 25 அங்குலம் உள்ள நீண்ட துப்பாக்கியில் அதே பிசகுக்கு விலகல் இரண்டு அங்குலம்கூட இராது.

ஆகையால் எந்தத் தேசத்திலும் புதிதாகப் பழகுவோரை எடுத்தவுடன் கையை நீட்டிச் சுடச் சொல்வதில்லை. மேஜையின் முன் உட்கார வைத்து, மணல் நிரப்பிய சிறு மூட்டையின்மேல் மணிக்கட்டையோ முன்கையையோ சாய்த்துக்கொள்ளச் சொல்வார்கள். குழலையே மரத்தின்மேலோ கல்லின்மேலோ வைத்துச் சுடுவது தவறு. வெடிக்கும் கணத்தில் குழல் அந்தக் கடினமான பொருளினின்று எழும்பிக் குதிக்கும். குண்டு பார்த்த இடத்திற்குப் போகாது. தாங்கல் மெத்தென்று இருக்க வேண்டும். கையைத் தாங்க வேண்டுமேயன்றித் துப்பாக்கியைக் கட்டிப்போடலாகாது.

இந்த மணல் மூட்டையினால் முதலில் உண்டாகும் உபயோகம் ஆயுதத்தைச் சோதிப்பது. ஐந்து தோட்டாக்களைச் சாவதானமாகச் சுட்டுப் பார்த்தால், ஐந்தும் ஓரிடத்தில் நெருங்கி விழுந்தும் நடுவினின்று ஒரு பக்கமாகவே விலகி நின்றால் குற்றம் பெரும்பாலும் குறியினுடையது, திருத்திக் கொள்ளலாம். நாலா பக்கமும் சிதறினால் தோட்டாவையோ சுட்டவனையோ சந்தேகிக்க வேண்டும். பின்னதுதான் முக்கியமான சோதனை. புதியவன் வெடிச் சத்தத்தையும் உதைப்பையும் எதிர்பார்த்து, விசையை இழுக்கும் கணத்திற்கு முன்பே தன்னையறியாமல் கையைக் கீழே அமுக்குவான். கையை நீட்டிச் சுடும்போது இந்தக் குற்றம் மற்ற ஆட்டங்களோடு கலந்து மறைந்துவிடும். மூட்டையின்மேல் கை இருக்கும்போதோ மறைக்க ஒன்றும் இல்லை; குண்டு தாழ்ந்து விழுவதே காட்டிக் கொடுத்துவிடும். மூட்டை கையின் நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும். மனத்தின் நடுக்கத்தை அது வாங்கிக்கொள்வதில்லை.

விசையை அமைதியாக இழுக்கப் பழகிய பிறகு மணிக்கட்டின் கீழிருந்து மூட்டையை எடுப்பார்கள். முழங்கையை மட்டும் ஊன்றச் செய்வார்கள். பிறகு அதுவும் இராது. மூட்டையை விடாமலே எத்தனை மாதம் பழகினாலும், எழுந்து நின்று கையை நீட்டும் நாளில் கண்ட வெற்றியெல்லாம் சிதறிப்போகும். தாங்கலின்மேல் இருக்கும்போது துப்பாக்கி உதைக்கும் விதம் வேறு, வெறுங்கையில் உதைக்கும் விதம் வேறு. தாங்கல் இல்லாமலே தொடங்குகிறவனும் கற்பதில்லை. தாங்கலை விட மாட்டேன் என்பவனும் கற்பதில்லை.

இவ்வித்தையைப் புதுவைக்கு வெளியே ஐயர் வாலிபர்களுக்குக் கற்பித்தார். கரடிக்குப்பம் என்ற இடத்தைப் பலரும் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். தேகாப்பியாசமும் மல்யுத்தமும் துப்பாக்கியும் ஒரே பாடத்தின் பகுதிகளாக அவரிடத்தில் இருந்தன. புனலூரில் காட்டிலாகா உத்தியோகத்தில் இருந்த வாஞ்சி ஐயர் 1911 ஜனவரியில் மூன்று மாத ரஜா எடுத்துக்கொண்டு புதுவைக்கு வந்து அந்தப் பாடத்தைக் கற்றார். சர்க்காருடைய ரௌலட் கமிட்டி அறிக்கையிலேயே இது கூறப்பட்டிருக்கிறது.

அப்படியாயின் எருக்கூர் பிரம்மச்சாரி எங்கே? இங்கேதான் பலருடைய கதை தவறிப்போகிறது. ஐயர் வந்து பாடம் தொடங்கிய காலத்தில் நீலகண்டருக்கும் அவருடைய பழைய தோழர்களுக்கும் இடையே மன வேற்றுமை உண்டாகிவிட்டது. அவரது சரித்திரத்தை விரிவாக எழுதியவர் ஸ்ரீ ரா. அ. பத்மநாபன். நீலகண்டரின் நோக்கம் தனி மனிதர்களைச் சுடுவது அன்று. தேசம் முழுவதும் ஒரே சமயத்தில் எழும்படி சங்கங்களைக் கட்டுவதே என்பது அவரை அறிந்தோர் கூறும் செய்தி. அதற்கு ஆள் வேண்டும், காலம் வேண்டும், ஊர்தோறும் கிளை வேண்டும். ஒரு கலெக்டர் விழுந்தால் சங்கம் முழுவதும் பிடிபடும் என்பதை அறிய ஜோசியம் வேண்டியதில்லை. சுடுகூடத்துப் பாஷையிலே சொன்னால், முதலில் தாங்கலைத் தயார் செய்ய வேண்டும் என்றவர் நீலகண்டர். கையை நீட்டினாற் போதும் என்றவர்கள் மற்றவர்கள். 1911-ன் முற்பகுதியில் அவர் தெற்கே இல்லை, வடதேசத்திற்குப் போய்விட்டார்.

1911 ஜூன் 17-ந் தேதி காலை பத்தரை மணிக்கு மேல், மணியாச்சி ஜங்ஷனில் ஆஷ் துரையும் அவர் மனைவியும் முதல் வகுப்பு வண்டியில் உட்கார்ந்து, கொழும்புத் துறைமுகக் கப்பலோடு இணைந்த மெயில் வண்டியை எதிர்பார்த்திருந்தனர். கொடைக்கானலில் இருந்த தங்கள் குழந்தைகளைக் காணப் போய்க்கொண்டிருந்தார்கள். வாஞ்சி ஐயர் வண்டிக்குள் ஏறி மார்பிலே சுட்டார். பிறகு பிளாட்பாரத்துக் கக்கூசுக்குள் ஓடித் தம் வாயிலே சுட்டுக்கொண்டு மாண்டார். அவரிடம் இருந்தது பெல்ஜியம் நாட்டில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. 1909-ல் ஸாவர்க்கர் லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஒரு சமையற்காரரின் பெட்டியில் மறைத்து அனுப்பிய 20 துப்பாக்கிகளும் பிரௌனிங்கே. நாசிக் கலெக்டர் ஜாக்ஸன் அவ்வருஷம் டிசம்பர் 21-ந் தேதி அவற்றுள் ஒன்றினால் மாண்டார். அந்தக் காலத்துச் சதிக்காரர்களுக்கு அந்தப் பெயரே ஒரு மந்திரமாக இருந்தது.

முன்பு போட்ட கணக்கை இப்பொழுது மணியாச்சிக்குப் பொருத்திப் பார்ப்போம். கை அதே அளவு நடுங்கியிருந்தால் 25 கெஜத்தில் 9 அங்குலம். திங்கராவின் 18 அடியில் இரண்டு அங்குலத்திற்குச் சற்று அதிகம். வண்டிக்குள் ஒருவர் எதிரே ஒருவர் நிற்கும் மூன்றடியிலோ அரை அங்குலமும் இல்லை. அந்தத் தூரத்தில் குறி பார்க்கவே வேண்டியதில்லை. மூன்று மாதப் பயிற்சியின் நுட்பமெல்லாம் அங்கே உபயோகமற்றது. வேண்டியிருந்தது ஒன்றுதான்: விசையை இழுக்கும்போது பின்வாங்காத மனம். அதை மணல் மூட்டை தராது. ஐயருடைய பாடமும் முழுவதும் தந்திருக்க முடியாது. தென்காசியிலே காளியின் படத்தின் முன்னே செய்த பிரமாணத்திற்கு அதில் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல இயலாது. நீலகண்டர் கொலையைத் திட்டமிடவில்லை என்று ஒப்புக்கொள்ளும் நாமும், அவர் மூட்டிய தீயை வேறொருவர் வேறிடத்தில் கொண்டுபோய் வைத்தார் என்பதை மறைக்க விரும்பவில்லை. கொடைக்கானலில் காத்திருந்த குழந்தைகள் நால்வர். அந்தத் துரை செய்த தீமைகள் எவையாயினும், அந்த நால்வரையும் கணக்கில் சேர்க்காமல் இச்சரித்திரத்தை எழுதுவது நேர்மையாகாது.

அவர் அஞ்சியது அப்படியே நடந்தது. வீடு வீடாகச் சோதனை. சங்கத்தைச் சேர்ந்த தர்மராஜ ஐயர் விஷம் அருந்தி மாண்டார். வெங்கடேசுவர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டார். அகப்பட்டவர்களுள் சிலர் உயிருக்கு அஞ்சி அப்ரூவர்களானார்கள். ஓராண்டு சுற்றிக் கட்டிய சங்கம் சில வாரங்களில் சிதறிற்று. நீலகண்டர் கல்கத்தாவில் கைதாகிச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார். எதிரிகள் 14 பேர். பிரதம நீதிபதி ஸர் ஆர்னால்டு வொயிட், ஜஸ்டிஸ் எய்லிங், ஜஸ்டிஸ் சங்கரன் நாயர் ஆகிய மூவரும் விசாரித்தார்கள். 1912 பிப்ரவரி 15-ந் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. 9 பேர் குற்றவாளிகள் என்று முடிவாயிற்று. சக்கரவர்த்திக்கு விரோதமாக யுத்தம் தொடுக்கச் சதி செய்ததற்காக நீலகண்டருக்கு 7 வருஷக் கடுங்காவல். சங்கரகிருஷ்ண ஐயருக்கு 4 வருஷம். மற்றவர்களுக்கு அதனினும் குறைவு. சுட்டவர் இறந்துவிட்டார், சுடக் கற்பித்தவர் பிரெஞ்சு எல்லைக்குள் இருந்தார், இருவரும் அகப்படாத நிலையில், பெருந்தண்டனை மணியாச்சியிலும் இல்லாத, கரடிக்குப்பத்திலும் இல்லாத இருபத்திரண்டு வயது வாலிபரின் தலையில் விழுந்தது. சட்டப்படி அதற்குக் காரணம் உண்டு. சங்கத்தைத் தொடங்கியவர் அவர்தாம். ஆனாலும் அந்த விசித்திரத்தை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

சிறையில் அவர் அடங்கி இருந்தவர் அல்லர். பெல்லாரிச் சிறையிலிருந்து தப்பி ஓடினார். பிடிபட்டு மீண்டும் அடைக்கப்பட்டார். 1919-ல் வெளியே வந்தபோது தேசமே மாறியிருந்தது. ஜாலியன்வாலா பாக் நடந்த வருஷம் அது. இரகசியச் சங்கங்களின் இடத்தில் மகாத்மாவின் சத்தியாக்கிரகம் எழுந்து நின்றது. எருக்கூர் வாலிபர் ஊர் ஊராகச் சென்று தேடிய ஜனக்கூட்டம், பிரமாணமும் இல்லாமல் குங்கும நீரும் இல்லாமல், பட்டப்பகலில் வீதிகளிலே திரண்டிருந்தது. ஐயரும் 1920-ல் புதுவையை விட்டு வெளிவந்தார். காந்தியடிகளைக் கண்டபின் பலாத்காரத்தைக் கைவிட்டு, 'தேசபக்தன்' பத்திரிகையையும் பிறகு சேரன்மாதேவி குருகுலத்தையும் நடத்தினார். 1925 ஜூன் மாதம் பாபநாசத்திற்கு மேலுள்ள கல்யாண தீர்த்தத்தில், நீரில் விழுந்த தம் மகளைக் காப்பாற்றக் குதித்து மறைந்தார்.

விடுதலையான நீலகண்டருக்குச் சென்னையில் வேலை தருவார் இல்லை. வீடு தருவாரும் இல்லை. பசியோடு திருவல்லிக்கேணியில் பாரதியாரிடம் வந்து நின்றார் என்றும், ஒரு தேசபக்தன் சோற்றுக்கு அலையும் கோலத்தைக் கண்ட கவிஞரின் நெஞ்சு கொதித்து, தனி மனிதனுக்கு உணவில்லாத உலகத்தைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற வரி பிறந்தது என்றும் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அந்த வரியின் பிறப்புக் கதை எதுவாயினும், இருவருடைய நட்பைப் பற்றி ஐயமில்லை. 1921 செப்டம்பர் 11-ந் தேதி இரவு, பாரதியார் மரணப் படுக்கையில் கிடந்தபோது, அவ்வீட்டில் விழித்திருந்த சில நண்பர்களில் பரலி சு. நெல்லையப்பரும் இருந்தார், நீலகண்ட பிரம்மச்சாரியும் இருந்தார். நள்ளிரவுக்குப் பின் கவிஞரின் ஆவி பிரிந்தது. புதுவையில் பத்திரிகை நடத்திய நாள் முதலாகத் தொடர்ந்த உறவு அங்கே முடிந்தது.

பசியைத் தாமே அனுபவித்தவர் பொதுவுடைமையைப் பற்றிப் படித்ததில் ஆச்சரியமில்லை. சிங்காரவேலரோடு பழகினார். 1922-ல் மறுபடியும் கைதாகி, 1930 வரையில் வடமேற்கு எல்லையிலும் பிற இடங்களிலும் உள்ள சிறைகளில் காலம் கழித்தார். இரண்டு தண்டனைகளையும் கூட்டிப் பார்த்தால், இருபத்தொன்று முதல் நாற்பது வரையுள்ள வயதில் அவர் வெளியே இருந்தது மூன்று ஆண்டுகளே. தஞ்சாவூர் ஜில்லாவில் தேசத்திற்காகச் சிறை சென்றோர் பலர் உளர். வாலிபப் பருவம் முழுவதையும் அங்கே வைத்துவிட்டு வந்தவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது.

அதன் பின் அவர் அரசியலுக்குத் திரும்பவில்லை. காவி தரித்துப் பல இடங்களில் அலைந்து, கடைசியில் மைசூர்ச் சீமையில் நந்திமலையின் அருகே தங்கினார். அங்குள்ள ஜனங்களுக்கு அவர் ஸத்குரு ஓம்கார். பிரமாணம் செய்வித்தவர், பத்திரிகை நடத்தியவர், சிறையிலிருந்து தப்பியவர் என்பதை வந்து வணங்கியவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? 1947 ஆகஸ்டில் தேசம் விடுதலை பெற்றபோது அவருக்கு வயது ஐம்பத்தேழு. வெள்ளையர் போன பிறகு முப்பது ஆண்டுகள் அந்த மலையடியிலேயே வாழ்ந்தார், பதவியை நாடவில்லை. 1978 மார்ச் 4-ந் தேதி, எண்பத்தெட்டாவது வயதில் அங்கேயே காலமானார்.

மணியாச்சி ரயில்வே நிலையம் இன்று வாஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னையிலிருந்து வரும் வண்டிகள் சிதம்பரம் கடந்து, கொள்ளிடம் பாலத்தின்மேல் ஓடி, இருபுறமும் நெல் வயல்களைக் காட்டிக்கொண்டு சீர்காழிக்குள் நுழைகின்றன. எருக்கூர் அந்த வழியில்தான் இருக்கிறது.